குப்பிக்குள் ஒரு பேரிக்காய்

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி
குப்பியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்.
சாராயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"கழுத்து விரல் தடிமன்தான் இருக்கு,
இந்தக் காய் எப்படிம்மா உள்ள போச்சு?"
பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார்.
பிஞ்சாக இருக்கும்போதே
கிளையோடு சேர்த்துக் குப்பியைக் கட்டிவிடுவார்கள் சார்,
கோடை முழுக்கக் கண்ணாடிக்குள்ளேயே பருக்கும் என்றேன்.
போகச் சொல்லிக் கையசைத்தார்,
தனக்கு நேர்ந்த எதையோ கேட்டவர் போல.

நான் போனது ஊர் சுற்ற அல்ல.
அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் செய்த வால்வு
ஜெர்மனியில் ஒரு பழப்பண்ணையில் ஒழுகிற்று.
பன்னிரண்டு நாள், ஸ்பேனர் பெட்டி, இரவல் கோட்டு.
மூன்றாம் நாளே ஒழுகல் நின்றது.
மிச்ச நாளெல்லாம் ரோஸ்விதா
தன் டிராக்டரில் என்னை ஏற்றிக்கொண்டாள்.

மேடு முழுக்கப் பழமரம்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
முண்டாமல் நின்றன ஆப்பிள்கள்.
வீட்டுக்கு வீடு ஒரு செப்பு வாலை.
பிளம், செர்ரி,
மருந்துக்கடை வாசத்தில் ஏதோ ஒரு வேர்,
பெயர் பிடிபடாத முட்புதர்ப் பழம்.
மூக்கை முதலில் வை, நாக்கைப் பிறகு என்பாள்.
பழத்தின் ருசி இல்லை அதில்;
பழம் எழுந்துபோன நாற்காலியின் சூடு.

தலை, நெஞ்சு, வால் என்று
வடிவதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.
தலை கண்ணைப் பறிக்கும்;
அதை வைத்து அவள் ஜன்னல் துடைத்தாள்.
வால் ஈரச்சாக்கு நாறும்.
நெஞ்சு மட்டும் குப்பிக்கு.
வாலையில் வாலை வெட்டத் தெரிந்தால் போதும் என்று
தமிழில் சொன்னேன்.
விளக்க முடியவில்லை. ஆனாலும் சிரித்தாள்.
நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
தலையைக் கொட்ட மனமில்லாத எவனோ காய்ச்சியதில்
எங்கள் வெல்டரின் மைத்துனன்
ஆஸ்பத்திரி வராந்தாவில்
தன் செருப்பைத் தடவித் தேடியது நினைவு வந்தது.

காட்டுவழியில் ஓர் ஊற்றுத்தொட்டி.
தண்ணீரில் கழுத்துவரை நான்கு குப்பிகள்,
கவிழ்த்த தம்ளர்கள், காசு போடத் தகரப்பெட்டி.
ஆளில்லை.
வில்லிவாக்கத்தில் கம்பிவலைக்குள் நுழையும் கைகளை
பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.
நாற்பத்தொரு வயதில்
நின்றபடியே செர்ரி.
இரண்டு யூரோ போட்டேன்.
பிறகு இன்னும் இரண்டு.

கொரட்டூர், மூன்றாம் மாடி, ஞாயிறு.
ஐப்பசி மழையில் கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
தேவசகாயம், குமுதவல்லி, ஸ்டோர்ஸ் அன்வர்.
வீட்டில் சின்னத் தம்ளர் இல்லை.
இருமல் மருந்து மூடியில்
பத்து மில்லிக் கோடுவரை ஊற்றினேன்.
"பெயிண்ட் தின்னருங்க" என்றார் தேவசகாயம்,
அடுத்த மூடிக்குக் கை நீட்டியபடி.
குமுதவல்லி வெகுநேரம் கண் திறக்கவில்லை.
வேண்டாம் என்ற அன்வர்
காலி மூடியை வாங்கி
முகர்ந்துகொண்டே இருந்தார்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் காய்
ஒருமுறை புரண்டு படுத்தது.

தைக்குள் மட்டம் இறங்கிவிட்டது.
பேரிக்காயின் தோள் வெளியே தெரிகிறது.
மூழ்காத பாகம் கறுக்கும் என்று
ரோஸ்விதா எச்சரித்திருந்தாள்:
குறையக் குறைய நிரப்பு.
எதை வைத்து என்று கேட்க மறந்தேன்.

இன்று ஷிப்ட் முடிந்து வில்லிவாக்கத்தில் இறங்கினேன்,
கழுத்தில் அடையாள அட்டையோடு.
வரிசை விலகியது.
மரியாதையா, கூச்சமா தெரியவில்லை.
ஒருவர் பீடியை முதுகுக்குப் பின் மறைத்தார்.
"அண்ணே, நிறமில்லாதது எதுவானாலும் ஒரு குவார்ட்டர்."
வலைக்குள்ளிருந்தவர் என்னையும் அட்டையையும் பார்த்தார்.
"யாருக்கும்மா?"
ஒரு பேரிக்காய்க்கு என்றேன்.
பத்து ரூபாய் கூடுதலாக எடுத்துக்கொண்டுதான் கொடுத்தார்.